ஒரு கழஞ்சு எத்தனை கிராம்?

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் படிப்பது நகைக்கடைப் பேரேட்டைப் புரட்டுவது போலத்தான். முதலாம் இராஜராஜனும் அவன் அக்கா குந்தவையும் கொடுத்த நகைகளையும் பாத்திரங்களையும் ஒவ்வொன்றாக நிறுத்து, கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். எந்தக் கல்லால் நிறுத்தார்கள் என்பதையும் விடவில்லை. பொன்னுக்கு 'ஆடவல்லான்' என்ற எடைக்கல். மணி பதித்த நகைகளுக்கு 'தட்சிணமேருவிடங்கன்' என்ற கல்.

வாய்பாடும் சுலபம். 2 குன்றி 1 மஞ்சாடி, 20 மஞ்சாடி 1 கழஞ்சு. பிறகு ஏன் ஒரு புத்தகம் கழஞ்சை 4.4 கிராம் என்கிறது, இன்னொன்று 5 என்கிறது, வேறொன்று 5.3 வரை போகிறது?

விதையிலிருந்து தொடங்குவோம். கறுப்புப் பொட்டு வைத்த சிவப்புக் குன்றிமணி ஒன்று சுமார் 0.11 கிராம். (குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள், கடும் நஞ்சு.) கழஞ்சுக்கு 40 குன்றி என்றால் 4.4 கிராம் வருகிறது. மஞ்சாடி விதையோ ஏறத்தாழ கால் கிராம். 20 மஞ்சாடிக்கு 5 கிராம். ஒரே வாய்பாட்டில் இரண்டு வழியாகப் போனால் இரண்டு விடை. 1000 கழஞ்சுப் பொன்னுக்கு இந்த வித்தியாசம் 600 கிராம், அதாவது இன்றைய கணக்கில் 75 சவரன்.

குன்றிமணி எல்லாம் ஒரே எடை என்று சொல்லிக் கேட்டிருப்போம். உண்மையில்லை. ஒரே கொடியில் காய்த்தவைகூடக் கூடும், குறையும். ஈரம் காய்ந்தால் இன்னும் மாறும். வைரத்துக்கு 'காரட்' என்ற அளவைத் தந்த காரப் மரத்து விதைக்கும் இதே பெருமை உண்டு. 2006இல் வெளிவந்த ஓர் ஆய்வு அந்த விதைகளை நிறுத்துப் பார்த்து, மற்ற மரங்களின் விதைகளைப் போலவே இவையும் ஏறி இறங்குகின்றன என்று காட்டிவிட்டது. அதற்கு வெகு முன்பே, 1907இல், விதையைக் கைவிட்டு ஒரு காரட் 200 மில்லிகிராம் என்று உலக அளவில் முடிவு செய்தாகிவிட்டது.

100 குன்றிமணிகளைச் சேர்த்து நிறுத்து 100ஆல் வகுத்தால், தனித்தனி விதைகளின் ஏற்ற இறக்கம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும். நல்ல வழிதான். ஆனால் அதில் கிடைப்பது இன்றைய குன்றிமணியின் சராசரி. இராஜராஜன் காலத்தில் தராசுத் தட்டில் இருந்தது விதை அல்ல, கல். அந்த ஆடவல்லான் நம் கையில் இருந்தால் ஒரு நிமிடத்தில் விடை சொல்லிவிடலாம்.

கல் இல்லாதபோது காசு உதவுகிறது. ஒரு கழஞ்சு எடைக்கு அடித்தவை என்று எடுத்துக்கொண்டால், சோழர் பொற்காசுகளில் சில 4.3, 4.4 கிராம் அளவில் நிற்கின்றன. ஆனால் புழங்கிய காசு தேயும். எனவே அச்சடித்தபோது இருந்த எடை இதைவிடக் குறைந்திருக்க முடியாது. என் சாய்வு 4.4 பக்கம்தான், கொஞ்சம் மேலே தள்ளி.

இதோடு ஒப்பிட்டால் தோலாவில் சிக்கலே இல்லை. 1833இல் ஆங்கிலேயர் அதை 180 கிரெயின் என்று நிர்ணயித்தார்கள். ஒரு கிரெயின் 64.79891 மில்லிகிராம் என்று இன்று வரையறை இருப்பதால் தோலா 11.6638 கிராம். இத்தனை தசமம் எழுத அங்கே உரிமை இருக்கிறது. கழஞ்சுக்கு அது கிடையாது.

இன்னொன்று, எடையைக் கிராமாக மாற்றலாமா என்று இயற்பியல் மாணவர் கேட்கக்கூடும். கிராம் நிறையின் அலகு, எடை என்பது புவியீர்ப்பு விசை. சுருள்வில் தராசில் இந்தக் கேள்வி நியாயமானது: நிலநடுக்கோட்டில் 1 கிலோ காட்டும் பொருள் துருவத்தில் சுமார் 5 கிராம் கூடுதலாகக் காட்டும். இரட்டைத் தட்டுத் தராசில் ஈர்ப்பு கல்லையும் பொன்னையும் ஒரே அளவில் இழுக்கிறது, முள் அசையாது. ஆக, சோழர் காலப் பொற்கொல்லர் அளந்தது நிறையைத்தான்.

பலர் தவறவிடும் இடம் வேறு. பல நகைகளுக்குக் கல்வெட்டு சொல்லும் நிறை சரடு, சட்டம், அரக்கு எல்லாம் உட்பட்டது. அதை அப்படியே கிராமாக்கி "இத்தனை கிலோ தங்கம்" என்று எழுதினால் அரக்கும் நூலும்கூடத் தங்கமாகிவிடும்.

எனவே கோயில் பொன்னைப் பற்றி எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கல்வெட்டில் உள்ள கழஞ்சுக் கணக்கை முதலில் அப்படியே கொடுங்கள். பக்கத்தில் கிராம் போடும்போது 4.4 முதல் 5.3 வரை என்ற வீச்சோடு போடுங்கள். தசமப் புள்ளிக்குப் பின்னால் மூன்று இலக்கம் வேண்டாம்.