உங்களுக்குத் தெரியுமா? குளித்துக்கொண்டே இருந்த கப்பல்கள்

● 1628 ஆகஸ்ட் 10 அன்று, ஸ்வீடனின் புத்தம்புதுப் போர்க்கப்பல் ‘வாசா’ ஸ்டாக்ஹோமில் முதல் பயணம் கிளம்பியது. ஒன்றரை கிலோமீட்டர்கூடத் தாண்டவில்லை. காற்று கொஞ்சம் பலமாக அடித்ததும் சாய்ந்து, பீரங்கி வாசல்கள் வழியே தண்ணீர் புகுந்து மூழ்கிப்போனது. 1961-இல் மேலே தூக்கியபோது கப்பல் ஏறக்குறைய முழுசாகவே இருந்தது!

● காரணம், அங்கே கப்பல் புழு கிடையாது. கடலில் மூழ்கிய மரத்தைத் துளைத்துத் தின்பது இதுதான். பெயர்தான் புழு, உண்மையில் சிப்பி இனம். உப்புக் குறைந்த பால்டிக் கடல் தண்ணீரில் அதற்குப் பிழைப்பில்லை.

● நூற்றாண்டுக் கணக்கில் ஊறிய மரத்தைச் சும்மா காயவைத்தால் போச்சு. பாக்டீரியா அரித்து மெலிந்த செல் சுவர்களுக்கு உள்ளே நிற்கும் தண்ணீர்தான் முட்டு. அது ஆவியாகும்போது சுவர்களையும் உள்ளே இழுத்துவிடும். மரம் வத்தல்போலச் சுருங்கி வெடிக்கும்.

● ஆகவே தண்ணீர் இருந்த இடத்தில் வேறொன்றை மெல்லக் குடியேற்ற வேண்டும். பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற மெழுகுப்பொருளைக் கரைத்து, வாசா மீது 17 ஆண்டுகள் தெளித்தார்கள். மலச்சிக்கல் மருந்திலும் முகக் கிரீமிலும் இருக்கும் அதே சரக்குதான்!

● இங்கிலாந்தின் ‘மேரி ரோஸ்’ 1545-இல் மூழ்கி, 1982-இல் மேலே வந்தது. 1994 வரை வெறும் குளிர்ந்த தண்ணீர், பிறகு 2013 வரை மெழுகுக் கரைசல். ஆக, முப்பது வருடக் குளியல்.

● நார்வேயில் 1904-இல் தோண்டிய ஓசபர்க் வைக்கிங் கப்பலோடு கிடைத்த மரப்பொருள்கள் பலவற்றைப் படிகாரக் கரைசலில் கொதிக்க வைத்தார்கள். ஆம், சவரம் செய்தபின் கன்னத்தில் தேய்ப்போமே, அந்தப் படிகாரம். அன்றைக்கு அதுதான் கைகண்ட வைத்தியம். ஆனால் அதிலிருந்து கந்தக அமிலம் உண்டாகி மரத்தை உள்ளிருந்தே தின்றது. பார்வைக்குச் செதுக்குச் சிற்பம், உள்ளே பொடி.

● வாசாவும் தப்பவில்லை. ஆக்சிஜன் குறைந்த துறைமுகச் சாக்கடைத் தண்ணீர்தான் அதை அழுகாமல் காத்தது. அதே தண்ணீர் மரத்துக்குள் கந்தகத்தையும் ஏற்றியிருந்தது. 2000-ஆம் ஆண்டு மழைக்கோடையில், ஈரத்தோடு வந்த பார்வையாளர் கூட்டத்தால் அருங்காட்சியகத்தில் ஈரப்பதம் கூடியது. மரத்தில் வெள்ளையும் மஞ்சளுமாக உப்புப் பூத்தது. சோதித்தால், அமிலம்! கந்தகத்துக்குக் கைகொடுத்தது இரும்புத் துரு. பிறகு ஆயிரக்கணக்கான இரும்பு போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, துருப்பிடிக்காத எஃகில் புதிதாகப் பூட்டினார்கள்.