ஏழு பேர்ச் நிலமும் கணினி வரைபடமும்

தோட்ட வீடமைப்புத் திட்டங்களில், லயன் அறையை விட்டு நீங்கிய குடும்பங்கள் பலவற்றுக்கு ஒதுக்கப்பட்ட நிலம் 7 பேர்ச். ஏறக்குறைய 1,906 சதுர அடி. இச்சிறு நிலத்தில் ஓரடி பிழைத்தாலும் நட்டமே. ஆதலின், ஆட்டோகேட் முதலிய மென்பொருள்களில் வீடு வரையும் இளைஞர் சில நெறிகளைக் கைக்கொள்ளுதல் நலம்.

அளவு அடியிலா, மீற்றரிலா என்பதை முதலில் வகுத்துக்கொள்க. வீட்டை முழு அளவிலேயே வரைக. சுருக்குவது அச்சிடும்போது போதும். கோட்டு முனைகளைக் கண்மதிப்பால் பொருத்தாது, ஸ்னாப் வசதியால் இணைக்க. சுவர், வடிகால், நிலச்சாய்வு ஆகியவற்றைத் தனித்தனி லேயர்களில் வரைந்து, ஒருங்கே நோக்குக. மழைநீர் சுவரை நோக்கி ஓடுமாயின், அது திரையிலேயே புலப்படும். தெரணியகலை மலைச்சரிவுகளில் இஃது இன்றியமையாதது.

எனினும், நாம் கொடுக்கும் அளவையே கணினி அறியும். நாடா பிடித்து நிலத்தை அளந்த பின்னரே திரைமுன் அமர்க!