ஹெரால்டுக்கு வெல்டிங் வைக்கலாமா?

"அந்தக் காலத்து இரும்பு சார்! தேஞ்ச இடத்துல வெல்டிங் வச்சு, லேத்துல கடைஞ்சு கொடுத்துடறேன். புதுசு மாதிரி ஓடும்." திருவள்ளூர், கும்மிடிப்பூண்டிப் பக்கம் பழைய காரோடு பட்டறைக்குப் போனால் காதில் விழக்கூடிய வசனம் இது. பாதிதான் சரி.

1961-ல் சென்னையில் தயாராகத் தொடங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டையே எடுத்துக்கொள்ளுங்கள். முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்து இரும்பின் அடிமுனையில் மரை இருக்கும். அது ஒரு வெண்கல ட்ரன்னியனுக்குள் முறுக்கி உட்காரும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் மரையும் திரும்பும். அதற்கு ஊற்ற வேண்டியது 90 கியர் ஆயில். பழக்க தோஷத்தில் பலரும் கிரீஸ் கன்னைச் சொருகிவிடுவார்கள். கிரீஸ் இறுகி, தண்ணீர் புகுந்து, மரை துருப்பிடித்துத் தேயும். ஒருநாள் இரும்பு முறிந்து சக்கரம் மடங்கிவிடும்.

அந்த மரையை வெல்டிங்கால் நிரப்பக் கூடாது. அடித்து உருவாக்கிய இரும்பு அது. வெல்டிங் சூட்டில் பக்கத்துப் பகுதி கடினமாகி நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். விரிசல் வெளியே தெரியாது. பள்ளத்தில் இறங்கும்போதுதான் தெரியும். செலவானாலும் புதுசுதான் போடவேண்டும். இடது, வலது மரைகள் வேறு வேறு, பார்த்து வாங்குங்கள்.

துருப்பிடித்த சேஸிஸ் கை, ஓட்டை அகன்ற பிராக்கெட் என்றால் தாராளமாக வெல்டிங் வைக்கலாம். பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். ஹெரால்டுக்குப் பெட்ரோல் டேங்க் டிக்கிக்குள் இருக்கிறது. பின்பக்க வேலை என்றால் அதையும் இறக்கிவிடுங்கள்.

மழைக்காலம் முடிந்ததும் ட்ரன்னியனில் ஆயில் ஏற்றுங்கள், மேல்பக்கம் கசியும்வரை.