காயலான் கடைக் கடவுள்

சீன இணைய நாவல் ஒன்றைப் படித்துப் பாருங்கள் என்று சொன்னால், நம்மில் பலருடைய முகத்தில் மெல்லிய ஏளனம் ஒன்று தோன்றி மறைகிறது. பறக்கும் வாள், மூப்படையாத அழகர்கள், பேயரசன், நடுவே காதல். இவையெல்லாம் கல்லூரிப் பிள்ளைகள் கைப்பேசியில் படித்துத் தள்ளுபவை என்பதே அந்த ஏளனத்தின் பொருள். என் துணிபு வேறு. அந்தப் பிள்ளைகள் கண்டெடுத்த நாவல்களுள் ஒன்று, பக்தி என்றால் என்ன, பொதுமக்களுக்கு உதவுதல் என்றால் என்ன என்னும் இரண்டு பழைய கேள்விகளை, அண்மைக் காலத்தில் நான் படித்த எந்தப் புனைகதையையும்விடக் கூர்மையாகக் கேட்கிறது. ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை நீளும் வடசென்னைக் கடற்கரையில் வாழ்பவர்களுக்கு அது அயல்நாட்டுக் கதையாகவும் தோன்றாது.

நாவலின் பெயர் ‘தியான் குவான் ட்சி ஃபூ’. ‘வானதிகாரியின் அருள்’ எனத் தமிழாக்கலாம். சீனர்கள் காலங்காலமாக வழங்கிவரும் மங்கலத் தொடர் அது. எழுதியவர் மோ சியாங் தோங் சியூ என்ற புனைபெயர் கொண்ட பெண் எழுத்தாளர். அந்தப் புனைபெயரின் பொருளே சுவையானது: ‘மையின் நறுமணம், செப்புக்காசின் நாற்றம்’. தொடர்கதை எழுதிப் பிழைப்பவரின் நிலையை இதைவிட நேர்மையாக எந்தப் பெயரும் சொல்லிவிட முடியாது. 2017-இல் ‘ஜின்ஜியாங் இலக்கிய நகரம்’ என்னும் இணையதளத்தில் அத்தியாயம் அத்தியாயமாக வரத் தொடங்கி, 2018-இல் முடிவடைந்தது. 240-க்கும் மேற்பட்ட அத்தியாயங்கள். ஆங்கில மொழிபெயர்ப்பு 2021 முதல் 2023 வரை எட்டுத் தொகுதிகளாக அச்சில் வெளிவந்தது. நான் படித்தது அதைத்தான். பெரும்பகுதியை ராயபுரத்துக்கும் எண்ணூருக்கும் இடையே ஓடும் மின்சார ரயிலில்.

தொடர்கதை என்பதற்காக யாரும் முகம் சுளிக்க வேண்டியதில்லை. 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ வார இதழில் தொடராக வந்ததுதான் ‘பொன்னியின் செல்வன்’. அடுத்த இதழுக்காகக் காத்திருந்த நம் பாட்டிமார்களும், அடுத்த அத்தியாயத்தைக் காசு கொடுத்துத் திறக்கும் சீனத்து வாசகிகளும் ஒரே இனம். வகைமையின் பெயர் ‘சியான்சியா’. தவப் பயிற்சியாலும் உடற்பயிற்சியாலும் மனிதன் இறவா நிலை எய்தும் கதைகள் இவை. காயகற்பமும் அட்டமா சித்தியும் அறிந்த தமிழ் வாசகருக்கு விளக்கம் தேவையில்லை. சித்தர்கள் வாள் ஏந்தினால் எப்படியிருக்கும் என்று எண்ணிக்கொண்டால் போதும்.

இங்கே ஒரு சிறு விலகல். அந்த இணையதளத்துக்குப் பெயர் தந்த ஜின்ஜியாங், ஃபூஜியான் மாநிலத்தில் குவான்சோவை அடுத்துள்ள ஊர். 13-ஆம் நூற்றாண்டில் தமிழ் வணிகர்கள் கப்பலேறிச் சென்று சிவன் கோயில் எழுப்பிய துறைமுகம் குவான்சோ. 1281-ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ், சீனக் கல்வெட்டு அங்கே கிடைத்திருக்கிறது. துறைமுகத்து மனிதர்களான நமக்கும் அந்தக் கடற்கரைக்கும் உறவு புதிதன்று.

கதைக்கு வருவோம். சியே லியன், சியான்லே நாட்டின் பட்டத்து இளவரசன். 17 வயதில் விண்ணேறித் தெய்வமாகிறான். ஒரு கையில் வாளும் மறுகையில் மலரும் ஏந்திய அவனுடைய சிலைகள் நாடெங்கும் எழுகின்றன. பிறகு நாடு அழிகிறது. அவன் வானுலகிலிருந்து துரத்தப்படுகிறான். இரண்டாம் முறை விண்ணேறியபோது ஓர் ஊதுவத்தி எரியும் நேரம்கூட அங்கே நீடிக்கவில்லை. எண்ணூறு ஆண்டுகள் மண்ணில் அலைந்து திரிந்த பின், மூன்றாம் முறையாக மேலேறுகிறான். அந்த ஏற்றத்தின் அதிர்வில் மற்றத் தெய்வங்களின் மாளிகைகள் சேதமடைய, இழப்பீடாக 88 லட்சத்து 80 ஆயிரம் புண்ணியம் அவன் கணக்கில் கடனாக எழுதப்படுகிறது. கோயிலும் இல்லை, கும்பிட ஆளும் இல்லை. கடன் மட்டும் உண்டு. நாவல் தொடங்குவது இங்கேதான்.

இந்த வானுலகம் முழுக்க முழுக்க ஓர் அலுவலகம். மக்களின் வேண்டுதல்கள் மனுக்களாக வந்து குவிகின்றன. திசைவாரியாக எல்லை பிரித்துக்கொண்ட தெய்வங்கள், இது என் எல்லைக்குள் வராது என்கின்றன. கோப்புகள் அனைத்தையும் ஒரே ஒரு பெண் தெய்வம் சுமக்கிறது. தெய்வங்கள் தமக்குள் பேசிக்கொள்ள ஒரு மந்திரத் தொடர்பு வலை உண்டு. நம் வாட்ஸ்அப் குழுக்களைப் போலவே அதில் வம்பு மிகுதி, வேலை குறைவு. படிக்கும்போது சிரிப்பு வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர்க் கழிமுகத்தில் பரவிய நாள்களை நினைத்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. யாருடைய பொறுப்பு என்ற கேள்வி மேலே சுற்றிக்கொண்டிருந்த வேளையில், கழிமுகத்து மீனவர்கள் வாளிகளைக் கொண்டு எண்ணெயை அள்ளிக்கொண்டிருந்தார்கள்.

சியே லியனின் தொழில்தான் என்னை முதலில் பிடித்து நிறுத்தியது. அவன் பழைய சாமான் பொறுக்கி விற்கிறான். தெய்வமான பிறகும்! வானுலகத்தில் அவனை எள்ளி நகையாட அதுவே போதுமானதாக இருக்கிறது. அவனோ, உழைத்துக் கிடைத்த காசு என்று அமைதியாகச் சொல்லிவிட்டு மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொள்கிறான். வடசென்னையில் இந்தத் தொழிலுக்குக் ‘காயலான் கடை’ என்று பெயர். காயல்பட்டினத்து வணிகர்கள் நடத்தியதால் வந்த பெயர் என்பர். துறைமுகத்தில் ஏலம்போன கம்பி வடம், துருப்பிடித்த மோட்டார், பித்தளைக் குழாய் எனக் கழித்துக் கட்டப்பட்ட ஒவ்வொன்றும் மீன்பாடி வண்டியில் ஏறி அக்கடைக்கு வந்து, எடை போடப்பட்டு, இன்னொன்றாக மாறுகிறது. பயனற்றது என உலகம் தள்ளியதன் மதிப்பை அறிந்த தொழில் அது. மூன்று உலகங்களாலும் தள்ளப்பட்ட ஒரு தெய்வத்துக்கு அதைவிடப் பொருத்தமான தொழிலை எந்த ஆசிரியர் தந்துவிட முடியும்? நமக்குப் பட்டினத்தார் இருக்கிறார். பெருவணிகராக இருந்து, ஓர் ஊசியைக் கண்டு அனைத்தையும் துறந்து, திருவொற்றியூர்க் கடற்கரையில் அடங்கியவர். அவர் துறந்தது தாமாக விரும்பி. சியே லியன் துறக்கவில்லை. எல்லாம் அவனிடமிருந்து பறிக்கப்பட்டது. பறிக்கப்பட்ட பின்னும் கசப்பின்றி வாழ முடியுமா என்பதே நாவலின் கேள்வி.

எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் நடந்தது என்ன? தண்ணீர்ச் சண்டை. நாட்டின் ஒரு பகுதியான யோங்ஆனில் மழை பொய்க்கிறது. தலைநகரிலோ நீருக்குக் குறைவில்லை. வாடியவர்கள் தலைநகரை நோக்கி நடக்கிறார்கள். தெய்வங்கள் மனிதர் விவகாரத்தில் தலையிடக் கூடாது என்ற விதியை மீறி, இளவரசன் கீழிறங்குகிறான். மழைத் தெய்வத்தின் தொப்பியை இரவல் வாங்கி, ஓரிடத்து நீரை இன்னோரிடத்துக்குச் சுமந்து மழையாகப் பெய்விக்கிறான். உயிரைக் கொடுத்து உழைத்தும் வறண்ட மண்ணுக்கு அது போதவில்லை. ஒருவருக்குக் கொடுக்க வேண்டுமானால் இன்னொருவரிடமிருந்து எடுக்க வேண்டும் என்பதை அந்த இளைஞன் அறியும் இடம், நாவலின் மிக வலுவான பகுதிகளுள் ஒன்று. மீஞ்சூரைப் பார்த்தவர்களுக்கு இது உவமையே அல்ல. நகரத்துக்காகவும் தொழிற்சாலைகளுக்காகவும் அப்பகுதியின் நிலத்தடி நீர் பல ஆண்டுகள் உறிஞ்சப்பட்டது. வெற்றிடத்தில் கடல் புகுந்தது. பின்னர் 2010-இல் அதே மீஞ்சூருக்கு அருகே காட்டுப்பள்ளியில், கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் நிலையம் வந்தது. எங்கிருந்து எடுத்து எங்கே கொடுக்கிறோம் என்பதை எந்த நகரமும் விரும்பிப் பேசுவதில்லை. இந்தக் காதல் நாவல் பேசுகிறது.

காதல் நாவல் என்றேன் அல்லவா? இனி அதைச் சொல்ல வேண்டும். சியே லியன் எதிர்கொள்ளும் பேயரசன் ஹுவா செங், சிவப்பாடை அணிந்தவன். வெள்ளி வண்ணத்துப்பூச்சிகளை ஏவுபவன். 33 தெய்வங்களை அறைகூவி அழைத்து வென்றவன். தெய்வங்கள் அஞ்சும் இவன், வைக்கோல் ஏற்றிய மாட்டு வண்டியில் ஒரு சாதாரண இளைஞனாகச் சியே லியனுக்கு அறிமுகமாகிறான். அவன் சமைக்கும் வாயில் வைக்க முடியாத உணவை முகம் மாறாமல் உண்கிறான். ஏன் என்பது மெல்ல மெல்லத் தெரியவருகிறது. இளவரசன் பெரும் புகழில் இருந்த நாளில், ஊர்வலத்தின்போது நகர மதிலிலிருந்து தவறி விழுந்த ஓர் ஏழைச் சிறுவனைக் கைகளில் ஏந்தினான். கோயில்கள் எரிந்து, பெயர் மறக்கப்பட்டு, உலகமே கைவிட்ட பிறகும் அந்தச் சிறுவன் கைவிடவில்லை. செத்தும் கைவிடவில்லை. ஒரு தெய்வத்துக்கு எஞ்சிய ஒரே அடியவன் அவன். (ஒரு குகை வருகிறது, அதனுள் இருப்பதை இங்கே சொன்னால் பாவம்.)

ஆக, இது காதல் கதையின் உடையணிந்த பக்திக் கதை. தெய்வமும் அடியாரும் ஒருவருக்கொருவர் கட்டுப்படுவது எங்கள் பகுதிக்குப் புதிதன்று. திருவொற்றியூரில்தான் சுந்தரர் சங்கிலியாரைக் கண்டார். மணம் பேச இறைவனையே தூதனுப்பினார். பிரியேன் என்று கோயிலுக்குள் சத்தியம் செய்ய வேண்டியிருந்ததால், அந்நேரம் மட்டும் மகிழ மரத்தடியில் போய் இருக்குமாறு இறைவனிடம் கேட்டுக்கொண்டார். அவரோ, சத்தியத்தை மகிழடியில் வாங்கிக்கொள் என்று சங்கிலியாரிடம் முன்னரே சொல்லிவிட்டார். பின்பு வாக்கு மீறி ஊரெல்லையைத் தாண்டிய சுந்தரருக்குக் கண்கள் இருண்டன. சேக்கிழார் சொல்லும் இக்கதையில் கடவுளும் அடியாரும் தோழர்கள். ஏமாற்றிக்கொள்கிறார்கள், சினக்கிறார்கள், மன்னிக்கிறார்கள். சீன நாவலில் மாறியிருப்பது ஒன்றுதான். இங்கே அடியவன் வாக்குத் தவறுவதில்லை. தவறிப்போவது தெய்வத்தின் வாழ்வு.

இருவரும் ஆண்கள் என்பது சிலருக்குத் தடையாக இருக்கலாம். ஆண்களுக்கிடையேயான காதலைப் பேசும் கதைகள் சீனத்தில் தனி வகையாகவே வளர்ந்திருக்கின்றன. பெரும்பாலும் பெண்கள் எழுதிப் பெண்கள் படிப்பவை. தன்பால் உறவு குற்றமன்று என நம் உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. சட்டத்தைப் பொறுத்தவரை இதில் பேச எதுவுமில்லை. மரபைப் பொறுத்தவரை, நம்மாழ்வார் பராங்குச நாயகியாகி உருகியதைக் கொண்டாடும் மொழி இது. நாவலில் முகம் சுளிக்க வைக்கும் காட்சிகளும் இல்லை. இவ்விருவரும் தம் காதலை வாய்விட்டுச் சொல்லவே பல நூறு பக்கங்கள் எடுத்துக்கொள்கிறார்கள்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். நீளம் மிகுதி. பெயர்கள் தலைசுற்ற வைக்கும். ஒவ்வொரு தெய்வத்துக்கும் இயற்பெயர் ஒன்று, பட்டப்பெயர் ஒன்று. நடுப்பகுதியில் சில நகைச்சுவைகள் பள்ளி நாடகத் தரம். நாவலின் ஐந்து பாகங்களில் இரண்டாவதும் நான்காவதும் எண்ணூறு ஆண்டுகள் பின்னோக்கிச் செல்கின்றன. விறுவிறுப்பில் இருக்கும் வாசகருக்கு அது எரிச்சலூட்டும். நான்காம் பாகத்தில், நோய்க்கு அஞ்சிய ஒரு கூட்டம், சாகாவரம் பெற்ற இளவரசனைப் பாழடைந்த கோயிலுக்குள் என்ன செய்கிறது என்பதைப் படிக்க மனவுறுதி வேண்டும். மென்மையான உள்ளம் கொண்டவர்கள் அந்த அத்தியாயத்தை இரவில் படிக்க வேண்டாம்.

ஆனால் அதற்குப் பிறகு வரும் காட்சிக்காகவே நான் இந்நூலைப் பரிந்துரைக்கிறேன். மக்களுக்காக அனைத்தையும் இழந்து, அதே மக்களால் சிதைக்கப்பட்ட இளவரசன், ஒரு நகரத்தையே அழித்துவிடும் சீற்றத்தோடு தெருவில் கிடக்கிறான். மூன்று நாள் கெடு. ஒரே ஒருவர் வந்து உதவினாலும் நகரம் பிழைக்கும். எல்லாரும் கடந்து போகிறார்கள். கடைசியில் கொட்டும் மழையில் ஒரு வழிப்போக்கன் நின்று, தன் மூங்கில் தொப்பியைக் கழற்றி அவனுக்கு வைத்துவிட்டுப் போகிறான். கனிவான சொற்களோடு அல்ல, திட்டித் தீர்த்துக்கொண்டே. அந்த ஆளை எனக்கு நன்றாகத் தெரியும் என்று தோன்றியது. திட்டிக்கொண்டே உதவுவது வடசென்னையின் பிறவிக் குணம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் தம் படகுகளை நகரத்துத் தெருக்களுக்குள் கொண்டுவந்து மனிதர்களை ஏற்றிச் சென்ற மீனவர்களும் இனிக்க இனிக்கப் பேசிக்கொண்டா ஏற்றினார்கள்?

படிக்க விழைவோர் முதல் தொகுதியை மட்டும் வாங்கினால் போதும். பேய் மாப்பிள்ளையைப் பிடிப்பதற்காகச் சியே லியன் மணப்பெண் வேடத்தில் பல்லக்கேறும் இடம் தொடக்கத்திலேயே வருகிறது. திரையை விலக்கி ஒரு கை நீள்கிறது. அவனும் பற்றிக்கொண்டு இருட்டில் நடக்கிறான். குருதி மழை பெய்ய, தலைக்கு மேல் ஒரு குடை விரிகிறது. அதுவரை படித்துவிட்டு நூலை மூட முடிந்தவர்கள் மூடிவிடலாம்.