உங்களுக்குத் தெரியுமா? காசே இல்லாமல் வரி வாங்கிய பேரரசு!

தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைகளில் 15-ஆம் நூற்றாண்டில் பரந்து விரிந்த இன்கா பேரரசில் நாணயமே கிடையாது. ஆனால் வரி உண்டு. அதை மக்கள் உழைப்பாகச் செலுத்தினார்கள். 'மிட்டா' என்ற இந்த ஏற்பாட்டில் குடும்பங்கள் முறைவைத்துச் சாலை போட்டன, பாலம் கட்டின, அரச நிலத்தை உழுதன.

வேலைக்கு வந்தவருக்குச் சாப்பாடு போடுவதும், மக்காச்சோளத்தில் காய்ச்சிய 'சிச்சா' என்ற மதுவைத் தருவதும் அரசின் கடமை. அவர் வெளியூரில் இருக்கும்வரை அவர் வயலை 'அய்லு' எனும் உறவுக்குழு கவனித்துக்கொள்ளும்.

அரச நிலத்தில் விளைந்தது காற்றோட்டமான மலைச்சரிவுக் கிடங்குகளுக்குப் போனது. பெரு நாட்டின் வானுகோ பம்பாவில் மட்டும் ஏறக்குறைய 500 கிடங்குகள்! உருளைக்கிழங்கை இரவுப் பனியில் உறையவிட்டு, காலால் மிதித்து நீரைப் பிழிந்து, வெயிலில் உலர்த்தினார்கள்; நம் வற்றலைப் போல அது ஆண்டுக்கணக்கில் கெடாது. படைக்கும் இந்தக் கிடங்கு உணவுதான், விளைச்சல் பொய்த்த ஊருக்கும் அதுதான். இருப்புக் கணக்கு? 'கிப்பு' என்ற கயிறுகளில், முடிச்சு முடிச்சாக.

பொற்காலம் என்று மயங்கிவிட வேண்டாம். எதிர்த்த இனங்களைக் குடும்பம் குடும்பமாகப் பெயர்த்துத் தொலைவில் குடியேற்றிய அரசு அது. 1532-இல் அதை வீழ்த்தத் தொடங்கிய ஸ்பானியர்கள் மிட்டாவை விட்டுவைத்தார்கள். 1570-களில் பொட்டோசி வெள்ளிச் சுரங்கத்துக்கு ஆள் பிடித்தது அதே பெயரில்தான்.