மின்துணை சாய்விருக்கை மூன்று சக்கர மிதிவண்டியின் கியர் தேர்வு

சாய்விருக்கை மூன்று சக்கர மிதிவண்டி என்பது, ஓட்டுபவர் பின்னால் சாய்ந்து அமர்ந்து, கால்களை முன்னே நீட்டி மிதிக்கும் வண்டியாகும். பெரும்பாலானவற்றில் முன்னால் இரண்டு சக்கரங்களும் பின்னால் ஒன்றும் இருக்கும். மிதிப்பவருக்கு உதவியாக மின்மோட்டார் பொருத்தினால் அது மின்துணை வண்டி எனப்படும். இதற்குக் கியர் மாற்றும்போது, மின்கலம் தீர்ந்த பின்னும் மிதித்துச் செல்ல உதவும் தாழ் கியரையே முதலில் கவனிக்க வேண்டும்.

தாழ் கியரின் தேவை

சாதாரண மிதிவண்டியில் ஏற்றம் வந்தால் எழுந்து நின்று உடல் எடையைக் கொடுத்து மிதிக்கலாம். சாய்விருக்கையில் அது முடியாது. உயர் கியரில் அழுத்தி மிதித்தால் பாரம் முழுவதும் முழங்காலில் இறங்கும். மறுபுறம், மூன்று சக்கரம் இருப்பதால் நடை வேகத்திலும் வண்டி சாயாது. ஆகவே இரு சக்கர மிதிவண்டியில் பயன்படாத அளவுக்குத் தாழ்ந்த கியரும் இதில் பயன்படும்.

கணக்கிடும் முறை

முன் பல்சக்கரத்தின் பற்களைப் பின் பல்சக்கரத்தின் பற்களால் வகுத்து, பின் சக்கரத்தின் சுற்றளவால் பெருக்கினால், மிதி ஒருமுறை சுற்றும்போது வண்டி செல்லும் தொலைவு கிடைக்கும். 20 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 1.5 மீட்டர்.

• முன் 42, பின் 11 பற்கள்: 5.7 மீட்டர். நிமிடத்துக்கு 70 சுற்றில் மணிக்கு 24 கி.மீ.
• முன் 42, பின் 28 பற்கள்: 2.25 மீட்டர். 60 சுற்றில் மணிக்கு 8 கி.மீ.
• முன் 30, பின் 34 பற்கள்: 1.3 மீட்டர். 60 சுற்றில் மணிக்கு 5 கி.மீ.

மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, மோட்டாரின் 30 நிமிடத் திறன் 250 வாட்டுக்கும், வேகம் மணிக்கு 25 கி.மீ.க்கும் குறைவாக இருந்து, உரிய சோதனை நிறுவனத்தின் ஒப்புதலும் பெற்ற மிதிதுணை வண்டி மோட்டார் வாகனமாகக் கருதப்படாது. அந்த வேகத்துக்கு 42-11 போதும். அதைவிடப் பெரிய முன் பல்சக்கரம் வாங்குவது வீண் செலவு.

திண்டிவனம் – விழுப்புரம்: ஓர் எடுத்துக்காட்டு

திண்டிவனத்திலிருந்து கூட்டேரிப்பட்டு, விக்கிரவாண்டி வழியாக விழுப்புரம் ஏறத்தாழ 40 கி.மீ. சாலை பெரும்பாலும் சமதளம், மேம்பாலங்களே ஏற்றம். 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி மின்கலத்தில் 360 வாட்-மணி ஆற்றல் உண்டு. கிலோமீட்டருக்கு 10 வாட்-மணி செலவானால் 36 கி.மீ. வரும். தென்மேற்கிலிருந்து வீசும் ஆடிக்காற்றை எதிர்த்துச் சென்றால் அதற்கு முன்பே தீரும்.

மோட்டார் நின்றபின் மேம்பாலம் வந்தால் என்ன ஆகும்? வண்டி, ஓட்டுபவர், சுமை எல்லாம் சேர்த்து 115 கிலோ என்றும், 100 மீட்டருக்கு 4 மீட்டர் உயரும் ஏற்றம் என்றும் கொள்வோம். மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் ஏற ஏறத்தாழ 150 வாட் தேவை. அதே ஏற்றத்தை 5 கி.மீ. வேகத்தில் ஏற 75 வாட் போதும். முன்னது வயதானவருக்குக் கடினம். பின்னது பலராலும் இயலும். 30-34 கியர் அந்த வேகத்தைத்தான் தருகிறது. செஞ்சிப் பக்கம் செல்பவர்களுக்கும் மயிலம் மலைக்கோயில் ஏறுபவர்களுக்கும் இது இன்னும் அவசியம்.

மோட்டாரின் இடம்

சக்கரத்தின் நடுவில் பொருத்தும் மோட்டாரின் விசை சங்கிலி வழியே செல்வதில்லை. கியரைத் தாழ்த்தினால் காலுக்கு எளிதாகுமே தவிர மோட்டாருக்கு ஆகாது. செங்குத்தான ஏற்றத்தில் மெதுவாக நெடுநேரம் சென்றால் அது சூடேறும்.

மிதியச்சில் பொருத்தும் மோட்டாரின் விசை சங்கிலி, கியர் வழியே செல்வதால், தாழ் கியர் மோட்டாருக்கும் உதவும். இவ்வகையில் பெரும்பாலும் முன்னால் ஒரே பல்சக்கரம் இருக்கும். பின்னால் 11 முதல் 42 பற்கள் வரையுள்ள தொகுதி பொருந்தும். ஆனால் சங்கிலி விரைவில் தேயும். கியர் மாற்றும் நொடியில் மிதிப்பதைத் தளர்த்த வேண்டும்.

வாங்கும் முன்

பின்புறக் கியர் மாற்றி எத்தனை பற்களின் தளர்வை ஏற்கும் என்று பார்க்க வேண்டும். முன்னால் 42-30, பின்னால் 11-34 எனில் வேறுபாடுகளின் கூட்டுத்தொகை 12 + 23 = 35 பற்கள். இதற்கு நீண்ட கை கொண்ட கியர் மாற்றி தேவை. சிறிய சக்கர வண்டியில் அந்தக் கை தரைக்கு அருகில் தொங்குவதால் சேறும் கல்லும் படும். அச்சுக்குள் அடங்கிய கியர் இதற்கு மாற்று. வண்டி நிற்கும்போதும் அதில் கியரைத் தாழ்த்தலாம்.

செலவு குறைந்த முதல் மாற்றம், சிறிய முன் பல்சக்கரம் பொருத்துவதே. அது போதாதபோது பின் தொகுதியை மாற்றலாம்.