ஸ்பீக்கரில் சார்ஜ் திருடுவது யார்?

தஞ்சாவூர்,-
2018 நவம்பர் 16-ந் தேதி அதிகாலை கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கத்து கிராமங்கள் பல நாள் இருட்டில் கிடந்தன. செல்போனும் கைவிட்டது.

அந்த மாதிரி நேரத்தில், எப்.எம். உள்ள புளூடூத் ஸ்பீக்கர் வீட்டில் இருந்தால் செய்தி கேட்கலாம். ஆனால், சார்ஜ் இருக்க வேண்டுமே!

"பாட்டை நிறுத்திட்டேனே, அப்புறம் எப்படி சார்ஜ் போச்சு?" என்கிறீர்களா? பாட்டு நின்றாலும் ஸ்பீக்கர் விழித்தபடி போனுக்காக காத்திருக்கும். திருட்டு அங்கேதான்!

பல ஸ்பீக்கர்கள் 10 முதல் 20 நிமிடம் சும்மா கிடந்தால் தானே அணைந்துவிடும். சிலவற்றில் இந்த நேரத்தை செல்போன் 'ஆப்' மூலம் மாற்றலாம். எப்.எம். ஓடிக்கொண்டிருந்தால் மட்டும் தூங்காது. ஆகவே, செய்தி முடிந்ததும் பட்டனை அமுக்கி அணைத்து விடுங்கள். கலர் விளக்கு வேண்டாம். சத்தத்தையும் குறையுங்கள்.

மாதக்கணக்கில் பரணில் போடுவதானால் பாதி சார்ஜ் இருக்கட்டும். காலியாகவே கிடந்தால் லித்தியம் பேட்டரி செத்துப்போகும்.

புயல் எச்சரிக்கை வந்துவிட்டதா? கரண்ட் இருக்கும்போதே முழு சார்ஜ் ஏற்றி விடுங்கள்!